மூளைக்குப் போகும் ரத்தமும் நெசவாளி வீட்டு நீரிழிவும்

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கைத்தறி நெசவாளர் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த வகுப்பில் கூலி பற்றியும், பட்டு நூல் விலை பற்றியும், சரிகை விலை பற்றியும் பேசுவோம். இன்று சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசப் போகிறோம். அதிலும் ஒரு பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்களை இந்த வியாதி என்ன செய்கிறது என்பதே விஷயம். கூலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சம்பந்தம் இருக்கிறது, பேச்சின் போக்கில் அது தானே வெளிவரும்.

சர்க்கரை வியாதியால் காலில் புண் வந்து ஆறாமல் போவது நம் தெருக்களில் எல்லோரும் அறிந்தது. கண் மங்கும், சிறுநீரகம் கெடும் என்பதும் தெரியும். மூளை என்றால்? ஒருவர் காலையில் எழுந்திருக்கும்போது வலது கை தூக்க வரவில்லை, வாய் கோணியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. உடனே "பாரிச வாயு அடித்துவிட்டது" என்கிறோம். "வயசாகிவிட்டது, விதி" என்கிறோம். அந்த மனிதருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை இருந்தது, மாத்திரையை ஆறு மாதம் சாப்பிட்டு ஆறு மாதம் நிறுத்தினார் என்ற செய்தி வேறொரு கதையாக ஒதுக்கி வைக்கப்படுகிறது. இரண்டும் ஒரே கதைதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர். ரத்தக் கொதிப்போ நாடு முழுவதும் நூற்றுக்கு 35 பேருக்கு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

இன்னொரு கணக்கு. 2010-ல் லான்செட் பத்திரிகையில், பல நாடுகளில் நடந்த 102 ஆய்வுகளைச் சேர்த்து, சுமார் 7 லட்சம் பேரின் விவரங்களைப் பார்த்து ஒரு முடிவு சொன்னார்கள். மூளைக் குழாய் அடைபட்டு வரும் பக்கவாதம் நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் போல் இரண்டேகால் மடங்கு. குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வரும் பக்கவாதம் ஒன்றரை மடங்கு. வயது, புகைப்பழக்கம், கொதிப்பு முதலியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் இவ்வளவு நிற்கிறது.

சரித்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1664-ல் மூளையின் அமைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மூளையின் அடிப்புறத்தில் ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வளையம் போல் அமைந்திருக்கின்றன. அந்த வளையத்துக்கு இன்றும் உலகம் முழுவதும் வில்லிஸ் வளையம் என்றே பெயர். இதே மனிதர்தான் பத்து வருஷம் கழித்து இன்னொரு நூலில், நீரிழிவுக்காரரின் சிறுநீர் தேன் போல் இனிக்கிறது என்று எழுதி வைத்தார். நம் நாட்டு வைத்தியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மதுமேகம் என்று பெயரிட்டு, அதில் எறும்பு மொய்ப்பதையும் கவனித்திருந்தார்கள். அது இருக்கட்டும். மூளையின் குழாயையும் இனிக்கும் நீரையும் ஒரே கை எழுதியது. ஆனால் இரண்டுக்கும் உள்ள உறவை எண்ணிக்கையோடு நிரூபிக்க இன்னும் 300 வருஷம் ஆயிற்று. அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற சிற்றூர் மக்களை 1948 முதல் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பரிசோதித்தார்கள். நீரிழிவு இருப்பவர்களின் இதயக் குழாயும் மூளைக் குழாயும் மற்றவர்களைவிட அதிகம் கெடுகின்றன என்பதை 1979-ல் அந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது.

கடைமடைக்குத் தண்ணீர் போகாத கதை

இப்போது மூளைக்குள் போவோம். மூளையின் எடை சுமார் 1,400 கிராம். உடம்பு எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏழில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர். நாம் இழுக்கும் மூச்சின் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவு செய்யும் உறுப்பு, கையில் ஒன்றும் சேமித்து வைப்பதில்லை. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் குடும்பம் மாதிரி. பத்து வினாடி ரத்தம் நின்றால் நினைவு தப்பும். சில நிமிஷங்கள் நின்றால் மூளைச் செல்கள் சாகத் தொடங்கும்.

நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம் என்பார்கள். ஏரி, மதகு, வாய்க்கால், கடைமடை ஆகிய நான்கும் தெரிந்தவர்களுக்கு மூளையின் ரத்த ஓட்டம் பாதி புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கழுத்தின் முன்பக்கம் இரண்டு, முதுகெலும்பை ஒட்டி இரண்டு, ஆக நான்கு பெரிய குழாய்கள் மேலே ஏறுகின்றன. அடியில் வில்லிஸ் வளையத்தில் கூடுகின்றன. ஒன்று அடைத்தால் மற்றொன்று கொஞ்சம் உதவும்படி இயற்கை அப்படி வைத்திருக்கிறது. ஆனால் அந்த வளையத்திலிருந்தும் அதன் பெரிய கிளைகளிலிருந்தும் மூளையின் ஆழத்துக்குள் மெல்லிய குழாய்கள் செங்குத்தாக நுழைகின்றன. பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் குறுக்களவுக்கும் குறைவு. கையும் காலும் அசைய உத்தரவு கொண்டு போகும் நரம்பிழைகள் எல்லாம் அந்த ஆழத்தில் ஒரு கட்டாக இறங்குகின்றன. அங்கே பாயும் மெல்லிய குழாய்க்கு மாற்று வாய்க்கால் கிடையாது. அதுதான் கடைமடை. ஏரி நிறைந்திருந்தாலும் வாய்க்காலில் ஒரு பிடி மண் விழுந்தால் கடைமடை காய்கிறது.

மதகுக்கும் மூளையில் வேலை உண்டு. நாம் படுத்திருக்கும்போது ஒரு ரத்த அழுத்தம், எழுந்து நிற்கும்போது ஒன்று, கோபத்தில் ஒன்று. அழுத்தம் ஏறி இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்தம் ஒரே அளவாக இருக்கும்படி அங்குள்ள சிறு குழாய்கள் தாமே சுருங்கி விரிகின்றன. மதகுக்காரன் பார்த்துப் பார்த்துத் திறந்து மூடுவது போல. நீரிழிவு பல வருஷம் நீடித்தால் இந்த மதகு துருப்பிடிக்கிறது. அழுத்தம் ஏறினால் வெள்ளம் அப்படியே உள்ளே பாய்கிறது. இறங்கினால் வறட்சி அப்படியே உள்ளே வருகிறது.

எதனால் துருப்பிடிக்கிறது? பாவுக்குக் கஞ்சி போடுவது பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியற்காலையில் தெருவில் பாவை விரித்துக் கஞ்சி போட்டால் நூல் விறைக்கிறது. நூலுக்கு அது பலம். தறியில் அறாமல் ஓடும். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அதுவும் உடம்பிலுள்ள புரதங்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. குழாயின் சுவரும் புரதத்தால் ஆனதே. அங்கே ஒட்டினால் விறைப்பு ஏறுகிறது. ஆனால் குழாய்க்கு விறைப்பு பலமல்ல, கேடு. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்க வேண்டிய பொருள் அது. டாக்டர்கள் "மூன்று மாதச் சர்க்கரை" என்று ஒரு பரிசோதனை எழுதித் தருகிறார்களே, அது இந்த ஒட்டலைத்தான் அளக்கிறது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அந்தக் காலத்தில் அதன் மேல் எவ்வளவு சர்க்கரை படிந்தது என்று பார்க்கிறார்கள். பரிசோதனைக்கு முந்திய நாள் பட்டினி கிடந்து இந்தக் கணக்கை ஏமாற்ற முடியாது!

குழாயின் உட்புறத்தில் வெற்றிலையின் வழவழப்புப் போல ஒரு மெல்லிய உறை உண்டு. அது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை நுண்ணிய அளவில் சுரந்து, குழாயைத் தளர்த்தி வைக்கிறது. ரத்தம் உறைந்து ஒட்டாமலும் காக்கிறது. சர்க்கரை மிகுந்தால் இந்தச் சுரப்பு குறைகிறது. ரத்தத் தட்டணுக்கள் பிசுபிசுப்பாகின்றன. மிகச் சிறிய குழாய்களின் அடிச்சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. அவற்றைச் சுற்றி அணைத்து நிற்கும் காவல் செல்கள் அழிகின்றன. பெரிய குழாய்களில், முக்கியமாகக் கழுத்துக் குழாயில், கொழுப்பு படிகிறது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மேலே போய் அடைத்தால் பெரிய பக்கவாதம். ஆழத்துச் சிறு குழாய் அடைத்தால் பட்டாணி அளவு இடம் சாகும்.

பட்டாணி அளவுதானே என்று நினைக்கக் கூடாது. அது நரம்பிழைக் கட்டில் விழுந்தால் ஒரு பக்கம் முழுவதும் போகும். வேறிடத்தில் விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. இப்படிச் சத்தமில்லாமல் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று விழுந்துகொண்டே வரும். அப்போது என்ன தெரியும்? நடை சுருங்கும். சுறுசுறுப்பு போகும். முப்பது வருஷம் நெய்த கைக்குப் புட்டாவின் இழைக் கணக்கு தப்பும். "அப்பாவுக்கு இப்போதெல்லாம் ஞாபகம் இல்லை, எரிச்சல் அதிகம்" என்று வீட்டில் சொல்வார்கள். முதுமையின் மீது பழி போடப்படும். குற்றவாளி பெரும்பாலும் இந்தச் சிறு குழாய்களில் இருப்பான்.

மூளையின் குழாயை நாம் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் பார்க்க ஒரு ஜன்னல் இருக்கிறது. அது கண். விழித்திரையில் ஓடும் குழாய்களும் மூளையின் சிறு குழாய்களும் ஒரே ஜாதி. கண் டாக்டர் மருந்து விட்டு விளக்கடித்துப் பார்க்கும்போது, அங்கே கசிவும் வீக்கமும் இருந்தால் மூளையிலும் சேதம் இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணில் சேதம் உள்ள நீரிழிவுக்காரர்களுக்குப் பக்கவாதம் கூடுதலாக வருகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நெசவாளிக்குக் கண் மூலதனம். தலைமுடியை விட மெல்லிய பட்டிழையை எண்ணுகிற கண். வருஷம் ஒரு முறை அதைக் காட்டினால் தறியும் பிழைக்கும், மூளைக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்கும். மூக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டு வருவது இந்தப் பரிசோதனை ஆகாது; விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மூளைக் குழாய்கள் கெடுவது எவ்வளவு கொடியது என்பதற்கு நம் இயக்கத்தின் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. தோழர் லெனினுக்கு முதல் தாக்குதல் 1922 மே மாதம் வந்தது. 1923 மார்ச்சில் வந்த தாக்குதல் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் பறித்தது. 1924 ஜனவரி 21-ல் மறைந்தபோது வயது 53. பிரேதப் பரிசோதனையில் மூளைக் குழாய்கள் சுண்ணாம்பேறி, இடுக்கியால் தட்டினால் கல்லைப் போல் ஒலித்தன என்று மக்கள் சுகாதாரக் கமிசார் செமாஷ்கோ எழுதினார். லெனினுக்கு இருந்தது நீரிழிவு என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வருவது வேறு. உலகையே புரட்டிய ஒரு மூளைகூட அரை அங்குலம் இல்லாத குழாய்களை நம்பித்தான் இருந்தது. அன்று கொதிப்புக்கும் கொழுப்புக்கும் மாத்திரை கிடையாது. இன்று இருக்கிறது. மலிவாகவும் இருக்கிறது.

மெலிந்த உடம்பில் பணக்கார வியாதியா?

"சர்க்கரை வியாதி தின்று கொழுத்தவனுக்கு வருவது, எலும்பும் தோலுமாக இருக்கும் எங்களுக்கு ஏன் வருகிறது?" இந்தக் கேள்வி எங்கு போனாலும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விஞ்ஞானம் தரும் பதிலில் வர்க்கச் சரித்திரம் அடங்கியிருக்கிறது.

1992-ல் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போது சத்தில்லாமல் வளரும் குழந்தையின் உடம்பு, பற்றாக்குறைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. கணையம் சிறுத்துப் போகிறது. பிற்காலத்தில் சோறு கொஞ்சம் தாராளமாகக் கிடைத்து, உழைப்பின் தன்மையும் மாறினால், அந்த உடம்பு சர்க்கரையைச் சமாளிக்க முடியாமல் திணறுகிறது. புனாவில் டாக்டர் யாஜ்னிக்கின் குழுவினர் பல வருஷம் ஆராய்ந்து, நம் நாட்டுக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் உடம்பில் சதையை விடக் கொழுப்பின் விகிதம் கூடுதல் என்று கண்டார்கள். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு.

1952-53 கைத்தறி நெருக்கடியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நூல் கிடைக்காமல், துணி விற்காமல், நெசவாளி கஞ்சித் தொட்டி முன் நின்ற காலம். அந்தத் தாய்மார்களின் வயிற்றில் வளர்ந்த குழந்தைகளுக்கு இன்று 70 வயதுக்கு மேல். அன்றைய பட்டினி இன்றைய சர்க்கரைக்கு ஒரு காரணம் என்று ஒவ்வொருவர் விஷயத்திலும் நிரூபிக்க முடியாது. ஆனால் தலைமுறை தலைமுறையாக வயிறு காய்ந்த ஒரு ஜனக்கூட்டத்தில் இந்த வியாதி ஏன் மெலிந்தவரையும் விடுவதில்லை என்பதை அது விளக்குகிறது. பணக்கார வியாதி என்ற பட்டத்தை இனியாவது கழற்றிப் போடுவோம்.

அடுத்தது சாப்பாடு. ரேஷன் கடையில் 2011 முதல் இலவச அரிசி கிடைக்கிறது. இது ஏழை மக்கள் பெற்ற பேறு. இதைக் குறை சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் தட்டில் தீட்டிய அரிசி மட்டும் குவிந்து, பருப்பும் காயும் முட்டையும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பருப்பு விலையைக் கேட்டுவிட்டு அரிசியை இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளும் தாயிடம் போய், "சமச்சீர் உணவு சாப்பிடுங்கள்" என்று உபதேசம் செய்வதில் அர்த்தம் இல்லை. 2019-20-ல் சர்க்கார் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பிலேயே, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிக்கின்றன என்று வந்தது. அதற்கடுத்த 2020-ல் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே மத்திய சர்க்கார் கலைத்தது. கூலிக்கும் மூளைக் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கு ஒரு பகுதிப் பதில் இதுதான்.

மறு பகுதி தறியில் இருக்கிறது. குழித்தறியில் இறங்கினால் மணிக்கணக்கில் எழுந்திருப்பதில்லை. "மிதிபலகையை மிதிக்கிறோமே, அது போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். கால் அசைகிறது, உண்மை. ஆனால் இடுப்புக்கு மேல் உடம்பு ஒரே நிலையில். மணிக்கு ஒரு முறை குழியை விட்டு எழுந்து தெருக்கோடி வரை நடந்து வந்தால்கூடச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. இதற்குச் செலவில்லை. ஆனால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவன் எழுந்து நடக்கும் ஒவ்வொரு பத்து நிமிஷமும் அவன் கணக்கில் நஷ்டம். பீஸ் ரேட் என்பது மனிதனைக் குழியோடு கட்டிப்போடும் கயிறு.

சலிப்புக்கு டீ, டீயோடு சர்க்கரை. தூக்கம் வராமல் இருக்க வாயில் புகையிலை, அல்லது பீடி. நீரிழிவு ஏற்கெனவே குறுக்கிய குழாயைப் புகையிலை இன்னும் இறுக்குகிறது. பீடியை விட்டவருக்குப் பக்கவாத ஆபத்து சில வருஷங்களில் கணிசமாக இறங்கிவிடுகிறது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் இவற்றின் உப்பு கொதிப்பை ஏற்றுகிறது. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி ஒரு துண்டு சாப்பிடாதே என்று யாரையும் தடுக்க நாம் வரவில்லை. வருஷத்தில் சில நாள் பிரசாதம் அல்ல நம் எதிரி. தினம் ஏழெட்டு டீதான்.

கொதிப்பை மறவாதீர்

இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியும் என்றால் இதை எடுத்துப் போங்கள். நீரிழிவு உள்ளவரின் மூளையைக் காக்க, சர்க்கரையைப் பார்ப்பதோடு நின்றால் போதாது. ரத்தக் கொதிப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் நீரிழிவுக்காரர்களிடம் பல வருஷம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1998-ல் வந்தது. ரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்திய கூட்டத்தில் சராசரி அழுத்தம் 144-க்கு 82. அவ்வளவு கண்டிப்பில்லாத கூட்டத்தில் 154-க்கு 87. வித்தியாசம் மேல் எண்ணில் வெறும் பத்து. அந்தப் பத்துக்கே பக்கவாதம் 44 சதவிகிதம் குறைந்தது! அதே ஆய்வில் சர்க்கரையை மட்டும் இறுக்கிப் பிடித்தபோது கண், சிறுநீரகச் சேதம் நன்றாகக் குறைந்தது. பக்கவாதம் அப்படிக் குறையவில்லை. சர்க்கரையைக் கவனிக்க வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. கண்ணும் காலும் சிறுநீரகமும் வேண்டும். ஆனால் "எனக்குச் சுகர் கண்ட்ரோலில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கொதிப்பை அளக்காமலே இருப்பவர், முன் கதவைப் பூட்டிவிட்டுப் பின் கதவைத் திறந்து போட்டிருக்கிறார். நீரிழிவு உள்ளவருக்கு அழுத்தம் 130-க்கு 80-ஐ ஒட்டி இருப்பது நல்லது என்று இன்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கொதிப்புக்குத் தலைவலி வர வேண்டும், மயக்கம் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அவசர ஆர்டர், முகூர்த்தச் சேலை, நாளைக்குள் அறுத்துக் கொடுக்க வேண்டும். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுத் தறியில் உட்கார்ந்து விடுகிறார்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். மூளைக்குச் சேமிப்பு இல்லை என்று முன்பே பார்த்தோம். வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம். சில சமயம் பக்கவாதம் போலவே ஒரு கை விழுந்துவிடும். உடனே ஒரு கை சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழலில் போய்விடும். மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். சர்க்கரை மிகுந்தும் மூளை கெடுகிறது, குறைந்தும் கெடுகிறது.

சரி, தாக்குதல் வந்தே விட்டது. என்ன செய்வது? முகம் ஒரு பக்கம் இழுக்கிறதா, இரு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் மணியைக் குறித்துக்கொண்டு 108-க்குப் போன் செய்யுங்கள். புறாவை அறுத்து ரத்தம் தடவுவதும், தைலம் தேய்ப்பதும், மறுநாள் வைத்தியரிடம் பார்க்கலாம் என்பதும் நம் ஊர்ப்பக்கம் இன்னும் போகவில்லை. செய்பவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். அவர்களை ஏளனம் செய்து பயனில்லை. ஆனால் பெரிய குழாய் ஒன்று அடைபட்டிருக்கும்போது நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் மூளைச் செல்கள் சாகின்றன என்று 2006-ல் கணக்கிட்டார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள்ளும் முந்தினால் முந்தியவருக்கு லாபம். ஊசிக்கு முன் சி.டி. ஸ்கேன் கட்டாயம். ஏனென்றால் அடைப்பா, ரத்தக் கசிவா என்பது வெளியே பார்த்துத் தெரியாது. கசிவாக இருந்து அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடுவதும் தவறு. பத்து நிமிஷத்தில் கை சரியாகிவிட்டது என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். அது வரப்போகும் பெரிய தாக்குதலின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

இங்கேதான் தனி மனிதனின் ஜாக்கிரதை முடிந்து நம் கோரிக்கை ஆரம்பமாகிறது. கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கை விழுந்தால் இருவர் கூலி நிற்கும். பாவு தறியில் பாதியில் நிற்கும். வாங்கிய முன்பணம் கடனாக நிற்கும். கரை போட்டுக்கொண்டிருந்த மனைவி படுக்கைக்குப் பக்கத்தில் இருபத்துநாலு மணி நேரம் நர்ஸ் ஆகிறாள். அந்த உழைப்புக்குக் கூலி எங்கும் எழுதப்படுவதில்லை.

1978 செப்டம்பரில் சோவியத் நாட்டின் அல்மா-ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு, ஆரம்ப சுகாதார வசதி ஒவ்வொரு மனிதனின் வாசலுக்கும் வர வேண்டும் என்று பிரகடனம் செய்தது. கியூபாவில் 1984 முதல் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு குடும்ப டாக்டர், ஒரு நர்ஸ் என்று வைத்தார்கள். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. வீடு தேடி வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கும் முறையும் நாடு பாராட்டும் ஏற்பாடு. நல்லதை நல்லது என்று சொல்லுவோம். அதே மூச்சில், வீடு வீடாக நடக்கும் அந்தப் பெண்களுக்கு ஊழியர் என்ற அந்தஸ்து இன்றி ஊக்கத்தொகை மட்டும் கொடுத்து வேலை வாங்குவதைக் கண்டிக்கவும் செய்வோம். அவர்கள் நம்மைப் போன்ற தொழிலாளர்கள். அவர்கள் வாசலில் நிற்கும்போது "தறியில் இருக்கிறேன், அப்புறம் வா" என்று சொல்லாதீர்கள்.

இன்சுலினைக் கண்டுபிடித்த டொராண்டோ விஞ்ஞானிகள் 1923-ல் தங்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். அது உலகத்துக்குச் சொந்தம் என்று நினைத்தார்கள். இன்று உலக இன்சுலின் சந்தையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து ஒரு வாரம் இல்லை என்றால் ஏழை எங்கே போய் நிற்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

ஆகவே நாம் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. நெசவாளி சேலையை ஒப்படைத்துக் கூலி வாங்க வரும் நாளில் ஒவ்வொரு கூட்டுறவுச் சங்க வாசலிலும் ஒரு மேஜை, ஒரு பி.பி. கருவி, சர்க்கரை பார்க்க ஓர் ஊசி, ஒரு பதிவேடு. தனியார் முதலாளிக்கு நெய்பவர்களுக்கும் அங்கேயே இடம். வருஷம் ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இரவும் பகலும் ஸ்கேனும் அடைப்பு கரைக்கும் ஊசியும். இங்கிருந்து சென்னை 75 கிலோமீட்டர். நாலரை மணி நேரத்தில் எவ்வளவு சாலையில் கரையும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேஷனில் பருப்பின் அளவு கூட வேண்டும். இவற்றோடு, மற்ற எல்லாவற்றுக்கும் அடியில், பஞ்சப்படியோடு கூடிய கூலி.

மனு எழுதி வைத்திருக்கிறோம்; வாசலில் கையெழுத்து வாங்குகிறார்கள். இடது பக்கத் திண்ணையில் இரண்டு தோழர்கள் பி.பி. கருவியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வாயில் புகையிலை இருப்பவர்கள் துப்பிவிட்டு, அரை மணி நேரம் கழித்து வாருங்கள். இல்லாவிட்டால் எண் தப்பாகக் காட்டும். தாய்மார்கள் முதலில் வரட்டும். அவர்கள்தான் எப்போதும் கடைசியில் வருகிறார்கள்.